ஒரு மணிக்கு ஒரு படம்

அக்கா: …கதவைச் சாத்தாத. கையில சாப்பாட்டுத் தட்டு இருக்கு.

தம்பி: நாலு மணிக்கு டாக்டரைப் பார்க்கணும்க்கா. கிளம்பிட்டிருக்கேன்.

அக்கா: மணி ரெண்டுதான் ஆகுது. உக்காரு.

தம்பி: சாப்பிட்டாச்சு. ஒரு மணிக்குப் படம் அனுப்பினேனே, பாக்கல?

அக்கா: பார்த்தேன். சோறு, கீரை, அவிச்ச முட்டை.

தம்பி: அப்புறம் என்ன?

அக்கா: தட்டோரத்துல ஒரு எறும்பு.

தம்பி: எறும்பு எந்த வீட்டுலதான் இல்ல…

அக்கா: திங்கக்கிழமையும் அதே இடத்துல இருந்துச்சு. புதன்கிழமை படத்தைத் திருப்பிப்போட்டு அனுப்பின, எறும்பும் திரும்பிக்கிச்சு. ரெண்டு வாரமா ஒரு எறும்பு நகராம நிக்குதுடா. எறும்பு கூட சாப்பிடல போல.

தம்பி: இன்னிக்குக் கூட சமைச்சேன்க்கா.

அக்கா: வரும்போதே பார்த்தேன், அடுப்பு மேல துணி காயுது.

தம்பி: பசிக்கலக்கா. வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு. டீ குடிச்சா போதும்னு தோணுது.

அக்கா: எத்தனை டீ?

தம்பி: ஏழு… எட்டு.

அக்கா: அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? மனசு சரியில்லன்னு மூணு மாசமா லீவுல இருக்க, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுற. டாக்டர்கிட்ட என்ன சொல்லப்போற?

தம்பி: வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்னு. அப்பதான் வேலைக்குப் போகலாம்னு எழுதித் தருவார்.

அக்கா: சாப்பிட்டும் தேறலன்னு நினைச்சு மாத்திரையைக் கூட்டுவார். அதை வெறும் வயித்துல போட்டுக்கிட்டு லிஃப்ட் ரிப்பேருக்குப் போவ. ஒம்பதாவது மாடியில, அந்த இருட்டுக் குழிக்குள்ள, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு…

தம்பி: பெல்ட் போட்டுப்பேன்.

அக்கா: பெல்ட்டை மாட்டுறதும் இந்தக் கைதானே? இந்த டம்ளரைத் தூக்கு, பார்ப்போம்.

தம்பி: விளையாடாதக்கா.

அக்கா: தூக்குடா.

தம்பி: …சிந்திடுச்சு.

அக்கா: துடைச்சுக்கலாம். நான் கொண்டுவந்த தட்டுல முட்டை இருக்கு, எடு. பாதி போதும்.

தம்பி: போன வருஷம் நீ மனசொடிஞ்சு படுத்துக் கிடந்தப்ப, தட்டைப் படம் எடுத்து அனுப்புன்னு சொன்னதே நான்தான். ஒரு நாள் தவறாம அனுப்பின. அவ்வளவு சாப்பிட்டும் தேறி வர ஆறு மாசம் ஆச்சுல்ல? அப்புறம் சாப்பாட்டுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

அக்கா: மெல்லு.

தம்பி: பதில் சொல்லு.

அக்கா: முழுங்கு, சொல்றேன்.

தம்பி: முழுங்கிட்டேன்.

அக்கா: மீதிப் பாதி.

தம்பி: ரொம்பப் பிடிவாதம் உனக்கு.

அக்கா: ஆமா. நானும் கூட வர்றேன். டாக்டர்கிட்ட நீ உண்மையைச் சொல்லணும். நீ சொல்லலேன்னா நான் சொல்வேன்.

தம்பி: மானம் போகும்க்கா.

அக்கா: போகட்டும். எனக்கு நீ வேணும்.

தம்பி: …சரி. சொல்றேன். ஆனா அவ்வளவு சின்ன எறும்பை எப்படிக் கண்டுபிடிச்ச? சாப்பாட்டுப் படத்தை யாரு அப்படிப் பெருசு பண்ணிப் பார்ப்பா?

அக்கா: அதே வேலையைச் செஞ்சவ பார்ப்பா. போன வருஷம் முதல் நாலு மாசம் நான் உனக்கு அனுப்பினது ஒரே தட்டுடா. சாப்பிட ஆரம்பிச்சதே அஞ்சாவது மாசம்தான்… அந்தக் கீரையையும் எடு.