ஒரே ஒரு ‘ம்’

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை நாலாக மடித்து அடியில் செருகினால் ஆடாது. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் துணி வியாபாரிகள். விமானம் ஓட்டப் போனவன் நான் ஒருவன்தான். விலை படியாதபோது அப்பா ‘முடியாது’ என்று சொன்னதே கிடையாது. ‘ம்’ என்பார். வந்தவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு துணியைக் கிழிக்கச் சொல்வான். பிறகு தகராறு வந்தால், “நான் எங்கய்யா சரின்னேன்?” என்பார். அந்தக் கடை என் கைக்கு வரவில்லை. அந்த ‘ம்’ மட்டும் வந்தது.

எங்கள் நிறுவனத்துத் துணை விமானி ஒருவனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று மகள் கேட்டபோதும் ‘ம்’ என்றேன். மறுமாதமே கல்யாணம்.

மாப்பிள்ளை நல்ல பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதுவே பெரிய குறை. வீட்டில் மாமா, விமானத்தில் சார் என்று நான் போட்ட விதியை ஒருநாளும் மீறியதில்லை. தலைமை விமானி ஆனதும் அவனுக்குக் கடல் தாண்டி வேலை காத்திருந்தது. மகள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். மனைவி போனபிறகு அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அவள்தான்.

அதற்கு அவன் தாண்ட வேண்டியது, பயணிகளோடு ஒரே ஒரு சோதனைப் பயணம். உறவுக்காரர் சோதிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சோதிக்க வேண்டியவருக்கு அன்று காய்ச்சல். நான் போகிறேன் என்றேன், யாரும் மறுக்கவில்லை.

காலையில் அதே விமானத்தை நான் ஓட்டி வந்திருந்தேன். தரைக்கு எவ்வளவு உயரம் என்று அளக்கும் கருவி, ஆயிரத்தைந்நூறு அடி மிச்சமிருக்கும்போதே தரை வந்துவிட்டது என்று பொய் சொன்னது. அதை நம்பி, வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் தானியங்கி இன்ஜினை அடக்கிவிட்டது. நான் இன்ஜின் நெம்புகோலைக் கையால் தள்ளிச் சரிசெய்து இறக்கினேன். கோளாறுப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. முதல் வாக்குமூலத்தில் மறதி என்று சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள்.

மதியம் அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். வேகம் குறைந்தால் ‘வேகம்’ என்று உரக்கச் சொல்வது என் வேலை. ஒரே சொல். கருவி மறுபடி பொய் சொன்னது, இன்ஜின் அடங்கியது. அவன் பக்கக்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இறங்கும்போது வேகம் குறைவது இயல்புதானே, சந்தேகப்படவில்லை. கடைசி நேரத்தில் நான் கையில் வாங்கி மேலே ஏற்றிவிடுவது, இவன் தேறவில்லை என்று எழுதிவிடுவது. என் யோசனை அவ்வளவுதான். பின்னால் நூற்று இருபது பேர் இருந்தார்கள் என்பது தெரியாமலில்லை.

வேகம் ஐந்து நாட் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறையட்டும், பிறகு யாரும் வாதாட முடியாது என்று தோன்றியது. பேரத்தில் முதலில் வாயைத் திறப்பவனுக்குத்தான் நஷ்டம். பத்து. பதினைந்து. இனிமேல் சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். எழுந்து வெளியே போக வழியில்லாத அறை அது.

அப்போது அவன் திரும்பாமலே கேட்டான். “மாமா, வேகம் சரியாத்தானே இருக்கு?”

சார் இல்லை, மாமா. விதியை மீறிவிட்டானே என்றுதான் முதலில் பட்டது.

‘ம்’ என்றேன்.

அடுத்த நொடி, வேகம் போதாது என்று எச்சரித்துக் கைப்பிடிகள் அதிர்ந்தன. இருவரும் ஒன்றாகத்தான் நெம்புகோலைத் தள்ளினோம். இன்ஜினுக்கு உயிர் வருவதற்குள் ஓடுபாதைக்கு முன்னாலிருந்த மேட்டில் விமான மூக்கின் இடது பக்கம் மோதியது. அவனோடு சேர்த்துப் பதினோரு பேர்.

விமானி அறை ஒலிப்பதிவில் அந்த ‘ம்’மைத் திரும்பத் திரும்பப் போட்டு, ‘ஆமாம்’ என்றுதானே அர்த்தம் என்கிறீர்கள். இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். எங்கள் கடைக்கு வந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கட்டிய பெட்டியை நானே பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். நேற்று அவளுக்கும் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியதாகச் சொன்னீர்கள். காட்டுங்கள், எனக்கொன்றுமில்லை. இன்று காலை கிளம்பும்போது, “சாயங்காலம் வந்துடுவேன், வீட்டுலதானேம்மா இருப்ப?” என்று கேட்டேன்.

‘ம்’ என்றாள்.

இருப்பாள்.