தறியில் ஓர் ஆள் இடம்

குமரகுரு: இன்னும் ஒரு வாய்தான் லோகா. பருப்புத் தண்ணிதானே.

லோகாம்பாள்: இருங்க... மொதல்ல இது எறங்கட்டும்.

குமரகுரு: கொழந்தைக்கி மருந்து ஊத்துற மூடி இது. இதுலயே பாதி அப்டியே இருக்குது.

லோகாம்பாள்: உங்களுக்கு இன்னா தெரியும். ஒடம்பு எளைக்கணும்னு வயித்த வெட்டி வாழப்பழம் கணக்கா ஆக்கி வச்சிட்டாங்க. கொஞ்சம் சேத்துக் குடிச்சா நெஞ்சுலயே வந்து நிக்குது.

குமரகுரு: வாழப்பழத்துக்கே இவ்ளோ ராங்கியா...

லோகாம்பாள்: சிரிக்க வைக்காதீங்க. ஓட்ட போட்ட எடமெல்லாம் இழுக்குது.

குமரகுரு: சரி, சிரிக்காத. துர்கா போன் பண்ணுனா. அம்மா தண்ணி குடிக்கிதா, நடக்குதான்னு கேட்டா.

லோகாம்பாள்: மெட்ராசுக்கு நர்சு வேலைக்கிப் போனதும் போனா, பெத்தவளையே மிரட்றா. ஆபரேசன் பண்ணிக்கோன்னு புடிச்ச புடியில நின்னவளும் அவதான்.

குமரகுரு: அவ நிக்கலன்னா நீ போயிருப்பியா? சக்கரை, முட்டி வலி... ராத்திரியில உன் கொறட்டை நின்னு நின்னு வந்துது, தெரியுமா? அது நிக்கும்போதெல்லாம் எனக்கு...

லோகாம்பாள்: உங்களுக்கு?

குமரகுரு: ஒண்ணுமில்ல. குடி.

லோகாம்பாள்: இப்ப கொறட்டை வருதா?

குமரகுரு: வரல. அதுவும் பயமாத்தான் இருக்குது. மூக்குகிட்ட கைய வச்சிப் பாத்துட்டுத்தான் படுக்கறேன்.

லோகாம்பாள்: அது நீங்கதானா... கொசுன்னு நெனச்சித் தட்டி வுட்டேன்.

பட்டம்மாள்: லோகா... எழுந்து உக்காந்துட்டியாமா? பக்கத்து வூட்டுல இருந்துக்கினு வந்து பாக்கலன்னா தெரு பேசும். இந்தா, வரதரு கோயில் இட்லி. பிரசாதம், வேணாங்காத.

லோகாம்பாள்: வாங்க அக்கா. எதுக்கு இதெல்லாம்...

குமரகுரு: அவளுக்கு இன்னும் தண்ணி ஆகாரம்தான் அக்கா.

பட்டம்மாள்: பிரசாதத்தப் போயி வேணாம்னு சொல்லுவாங்களா தம்பி? மொளகும் சுக்கும் மருந்துதானே. ஒரு துண்டு வாயில போடச் சொல்லு.

குமரகுரு: இப்டிக் குடுங்க. கண்ணுல ஒத்திக்க அவ, சாப்புட நானு. புருசன் சாப்ட்டா பொண்டாட்டிக்கும் சேரும்.

பட்டம்மாள்: நல்லா சேந்துது போ. ஆமா லோகா, பித்தப்பைக் கல்லு எடுத்தா இப்டியா வத்திப் போவாங்க? கன்னமெல்லாம் உள்ள போயிடுச்சி.

லோகாம்பாள்: பெரிய கல்லு அக்கா.

பட்டம்மாள்: எவ்ளோ பெருசு?

குமரகுரு: ஆட்டுக்கல்லு.

பட்டம்மாள்: உங்கிட்டப் போயி கேட்டேன் பாரு... எனக்கும் அப்டி ஒரு கல்லு இருந்தா எடுத்துக்கலாம். நாலு படி ஏறுனா மூச்சி வாங்குது. வரேம்மா, வெளிய நூலு காயுது.

லோகாம்பாள்: ...போயிட்டாங்களா?

குமரகுரு: போயிட்டாங்க. எதுக்கு லோகா இந்தக் கல்லு கதையெல்லாம்? உள்ளதச் சொன்னா இன்னா?

லோகாம்பாள்: தின்னு தின்னு பெருத்தா, அப்பால வயித்த வெட்டிக்கினான்னு சிரிக்கவா? எளச்சி முடிச்சிட்டு சொல்லிக்கலாம். எளச்சாத்தானே...

குமரகுரு: மறுபடியும் ஆரம்பிக்காத.

லோகாம்பாள்: பஸ் ஸ்டாண்டு மெசினு இன்னா காட்டுச்சி? போன வாரமும் அதே எடை, இந்த வாரமும் அதே எடை.

குமரகுரு: துர்காதான் சொன்னாளே. மூணாவது வாரம் நெறைய பேருக்கு அப்டித்தான் நிக்குமாம். ஒடம்பு பயந்துக்கினு இருக்கறதப் புடிச்சி வச்சிக்குமாம். அப்பால தானா எறங்கும். அந்த எடை மெசினு குடுத்த சீட்டு பின்னால, ஜோசியமா, வெளிநாட்டுப் பயணம்னு கூடத்தான் போட்டிருந்துது. அத நம்புனியா?

லோகாம்பாள்: அது உங்க சீட்டு.

குமரகுரு: எனக்கா? வேகவதி ஆத்தத் தாண்டவே எனக்கு நேரமில்ல... லோகா, எடைய வுடு. தறியில வந்து ஒரு தபா உக்காந்து பாரேன்.

லோகாம்பாள்: ரெண்டு நாளா இதே பேச்சு.

குமரகுரு: உக்காந்து பாத்தாத்தானே தெரியும். என் பக்கத்துல உன் எடம் அப்டியே இருக்குது.

லோகாம்பாள்: அப்டியேவா?

குமரகுரு: ம்...

லோகாம்பாள்: அன்னிக்கி தறிக்குழியில இருந்து என்னத் தூக்கி வுட்டீங்களே, நீங்களும் எதுத்த வூட்டு நமச்சிவாயம் அண்ணனும். உக்கார்ற பலகைக்கும் புடவை சுத்துற கட்டைக்கும் நடுவுல வயிறு மாட்டிக்கினு... அவரு சிரிப்ப அடக்கிக்கினு இருந்தாரு. நானும் சிரிச்சி வச்சேன்.

குமரகுரு: அதுக்கப்பறம் நீ அந்தப் பக்கம் வரவே இல்ல. ஆறு வருசம்.

லோகாம்பாள்: நீங்களும் வேற ஆள வச்சிக்கல. ஒண்டி ஆளு நெய்யிற புடவைக்கே ஆர்டர் வாங்கியாந்தீங்க. ரெண்டு ஆளு சேந்து உக்காந்து கரைய கோக்குற கோர்வைப் புடவைக்கி ஆர்டரே இல்லன்னீங்க.

குமரகுரு: இல்லாமதான்...

லோகாம்பாள்: முதலாளி வூட்டம்மாவ காமாட்சி கோயில்ல பாத்தேன். வருசா வருசம் கோர்வைப் புடவை கேட்டு அனுப்புறாங்களாம். பக்கத்துல உக்காந்து, கரைக்கி இழை ஓட்டுற நாடாவத் தள்ள ஆளு இல்லன்னு நீங்க சொல்லி அனுப்புறீங்களாம்.

குமரகுரு: ஆளு இல்லதானே.

லோகாம்பாள்: பிள்ளையார்பாளையத்துல ஆளா இல்ல?

குமரகுரு: இருக்கறாங்க. அந்த எடத்துல வேற யாரையாச்சும் உக்கார வச்சா எனக்கு நெய்ய வராது. போதுமா?

லோகாம்பாள்: ...முதுகக் காட்டுங்க. தைலம் தேய்க்கறேன்.

குமரகுரு: வேணாம். நீ சிரமப்படாத.

லோகாம்பாள்: ரெண்டு நாளா இன்னா முதுகு வலி?

குமரகுரு: ஆஸ்பத்திரிக்கி பஸ்ஸுல போயி வந்தது.

லோகாம்பாள்: அது எப்பவோ போயி வந்தது. பலகைய எத்தினி விரல் பின்னால தள்ளி வச்சிருக்கீங்க?

குமரகுரு: ...எந்தப் பலகைய?

லோகாம்பாள்: தறியில உக்கார்ற பலகைய. அடியில புதுசா செங்கல்லு இருக்குது. மிதிக்கட்டைக்கி உங்க காலு எட்டல, நுனி விரலால மிதிக்கிறீங்க. இங்க படுத்துக்கினு இருந்தாலும் சத்தத்துல தெரியாதா எனக்கு?

குமரகுரு: நாலு விரல்.

லோகாம்பாள்: எதுக்கு?

குமரகுரு: நீ உக்காந்தா தாராளமா கொள்ளட்டும்னுதான். மெசினு சொல்லாதத தறியாச்சும் சொல்லட்டுமே.

லோகாம்பாள்: தறி பொய் சொல்லணுமா?

குமரகுரு: கொஞ்ச நாளைக்கி. நீ எளைக்க எளைக்க ஒவ்வொரு விரலா முன்னால தள்ளிக்கலாம்னு பாத்தேன்.

லோகாம்பாள்: அது வரைக்கும் உங்க முதுகு?

குமரகுரு: அது கெடக்குது. மூணு நாளைக்கி முன்னால நீ தோட்டத்துப் பக்கம் நின்னுக்கினு அழுத இல்ல... முந்தானைய வாயில வச்சிக்கினு.

லோகாம்பாள்: பாத்தீங்களா?

குமரகுரு: பாத்தேன். தறியையும் பாத்தேன். நான் ஜரிகை வாங்கப் போயிருந்தப்ப நீ வந்து உக்காந்திருக்க. உன் பக்கத்துக் கரையில இழை அறுந்து முடிச்சி போட்டிருந்துது. வாலு நீளமா வுட்டு முடிச்சி போடுறது நீ ஒருத்திதான்.

லோகாம்பாள்: தெரிஞ்சிக்கினு ஒரு வார்த்த கேக்கல.

குமரகுரு: இன்னான்னு கேக்கறது? மறுபடியும் மாட்டிக்கினியான்னா? எழுந்திருக்க முடியாம கைய ஊனி, இழைய அறுத்துட்டு, அதுக்குத்தான் அழுவறன்னு நெனச்சேன். மறுநாளு நீ நடக்கப் போயிருந்தப்ப பலகையத் தள்ளுனேன். தப்புதான் லோகா. உன்ன ஏமாத்தப் பாத்தது தப்பு. காலையில பழைய எடத்துலயே வச்சிடறேன். உன்னால எப்ப முடியுதோ அப்ப வா. வராட்டியும் போவுது. நான் யாரையும் வைக்கப் போறதில்ல.

லோகாம்பாள்: பழைய எடத்துலயே வைங்க. நான் மாட்டிக்கலங்க... நீங்க பலகையத் தள்றதுக்கு முன்னால, அன்னிக்கே எனக்கு எடம் கொண்டுது. வயித்துக்கும் கட்டைக்கும் நடுவுல என் கை போயி வந்துது. உங்களக் கூப்ட்டுக் காட்டணும், அதுக்கு முன்னால நாலு இழை ஓட்டி வைப்போம்னு நாடாவ எடுத்தேன். கை மறந்து போச்சிங்க, அதான் இழை அறுந்துது. எந்தப் பக்கம் தள்றது, எப்ப தள்றது... எல்லாமே மறந்து போச்சி. இத்தினி வருசமா எனக்குன்னு எடத்த வச்சிக்கினு இருக்கறவருகிட்ட இத எப்டி சொல்றதுன்னுதான் அழுதேன். மொதல்ல இருந்து சொல்லிக் குடுப்பீங்களா?