மூச்சுப் பட்டா எரியுற லைட்டு

அந்தி மயங்கி வெளக்கு வெக்கிற நேரம். கிளிஞ்சல்மேட்டுக்குப் போற ரோட்டுல ஈ காக்கா இல்லை. கடல் எரைச்சல்... மீன் கவிச்சி... அவ்வளவுதான். அதுல தனியா ஸ்கூட்டில போனா எழில்மதி. எங்கூட வேலை பாக்குற விஷ்ணுப்ரியாவோட சித்தி பொண்ணு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லலைங்க. வயிறு எரியுது, சொல்றேன்.

மதிக்கு சென்சர் செய்யுற வேலை. தலைமுடியவிட மெல்லிசான கம்பிய எண்ணெய்க்குள்ள விட்டு, பொடிப் பொடியா மின்பொறி தட்டித் தட்டி உலோகத்த அரிப்பா. கடுகளவு சென்சர் வரும். அதுக்குள்ளயும் ஒரு பொறி, 'டிக்... டிக்'னு. மனுஷ மூச்சு பட்டா பொறி மாறும். வெளில செகப்பு லைட்டு எரியும்.

கிளிஞ்சல்மேட்டுல ஒரு மீன் கம்பெனியோட குளிர் ரூம்ல அதை மாட்டுனா. உள்ள ஆள் இருக்கறது தெரியாம பூட்டிறக் கூடாதுல்ல, அதுக்கு.

ஒரு நாள் பூட்டுற நேரத்துல லைட்டு எரிஞ்சுது. மேனேஜர் கைலாசநாதனுக்கு வீட்டுக்குப் போற அவசரம். "இந்தச் சனியன் சும்மா சும்மா எரியுது"ன்னு வயரைப் பிடுங்கிட்டுப் பூட்டிட்டாரு. உள்ள பாலகுரு மீன் தட்டு அடுக்கிகிட்டிருந்தாரு... காலையில தொறந்தா, கதவோரமா வெறைச்சுக் கெடக்குறாரு. கதவு பூரா நகக் கீறல்.

வாட்ச்மேன் எல்லாத்தையும் பாத்தாரு. மதிகிட்ட அழுதாரு. ஆனா விசாரணைல வாயத் தொறக்கலை. கைலாசநாதன் தொறந்தாரு. "லைட்டு எரியவே இல்லை சார். அந்தப் பொண்ணு செஞ்சது ஓட்டை சாமான்." பழி மதி தலையில. அதான் அன்னைக்கு அந்தியில, விசாரணை அதிகாரி முன்னாடி சோதிச்சுக் காட்டப் போனா.

வயரை மாட்டியாச்சு. கம்பெனி வாசல்ல பாலகுரு பொண்டாட்டி அமுதம் நிக்கிறாங்க. ரூம் காலி... லைட்டு இல்லை. மதி உள்ள போனா, எரிஞ்சுது; வெளில வந்தா, அணைஞ்சுது. அதிகாரி போய்ட்டு வந்தாரு, அதே மாதிரி எரிஞ்சு அணைஞ்சுது. "நீங்களும் போங்க"ன்னாரு அதிகாரி. கைலாசநாதன் தனியா உள்ள போனாரு.

எரியலை.

தொறந்த கதவுக்கு நேரா, நடுவுல நின்னு பேசுறாரு, சிரிக்கிறாரு, கையக் கால ஆட்டுறாரு. எரியலை. "பாத்தீங்களா சார், ஆளே நிக்கிறேன்!" அதிகாரி சென்சர் பழுதுன்னு முடிச்சுட்டாரு. ஜீப்பு போயிருச்சு. அமுதம் மதியப் பாத்த பார்வை இருக்கே... அந்த மேனேஜர் பாவி, ஒரு உசுரையும் தின்னு, ஒரு பொண்ணு பேரையும் தின்னு, சிரிச்சுகிட்டே பைக்கை எடுத்தான்.

மதி ஏன் ஒரு வார்த்தை பேசலைன்னு கேக்குறீங்களா? அவ லைட்டைப் பாக்கலைங்க. அந்தக் குளிர்ல அவ வாயிலேந்து ஆவி வந்துச்சு. அதிகாரி வாயிலேந்து வந்துச்சு. இந்தாளு அவ்வளவு நேரம் பேசுறாரு... ஒரு பொட்டு ஆவி இல்லை.

நான் நம்பலை. போன வெள்ளிக்கிழமை அதே கம்பெனிக்கு மீன் வாங்கப் போனேன். கைலாசநாதனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். அவரு கோவமே படலை. மூக்கும் மூக்கும் முட்டுற அளவுக்குக் கிட்ட வந்து, குனிஞ்சு, மெதுவா பதில் சொன்னாரு.

மூஞ்சில காத்தே படலைங்க.