அம்பது பவுண்டு வில்லு

பழனி பஸ் திண்டுக்கல் ஸ்டாண்டை விட்டு இன்னும் கிளம்பவில்லை. என் முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்தவர் மடியில் மர அம்புக் கட்டு. பக்கத்திலிருந்த சிநேகிதர் ஒன்றை உருவி வளைத்துப் பார்த்தார்.

“ஏலே, இது அம்பா, கடப்பாரையா? வளையவே மாட்டேங்குது.”

“ஸ்ட்ராங்கான அம்பு மாப்ள. ஆனா எல்லாம் இடப்பக்கமே போகுது. நாளைக்குப் போட்டி வேற.”

“போகத்தான் செய்யும். லேசான வில்லுக்கு இம்புட்டு விறைப்பு ஆகாது. வில்லை இழுக்க எத்தனை பவுண்டுன்னு அம்பு வாங்குன கடையில கேக்கலையா?”

“கேட்டாங்க. அம்பதுன்னேன்.”

“உன் வில்லு முப்பதுதான?”

“பக்கத்துல ரெண்டு பொம்பளப்புள்ளைக நின்னுச்சுக.”

சிநேகிதர் அம்பைத் திரும்பக் கட்டுக்குள் செருகினார்.

“நாளைக்கு அதுக பாக்க வந்தா, குறிப்பலகைக்கு இடப்பக்கம் மட்டும் நிக்க வேணாம்னு சொல்லிரு.”