உதை பூஜ்ஜியம்

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுபவன் அல்ல நான். நிதானமாகக் குடித்துவிட்டுப் போயும், அம்பத்தூர் மாலை இயற்பியல் வகுப்பில் முதலில் உட்கார்ந்திருப்பது நான்தான். அதனால்தான் பக்கத்து நாற்காலி ஜாபஸ் தன் கணக்குகளைச் சரிபார்க்க என்னிடம் தந்தான்.

அவனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை. குடியிருப்பில் அக்கா ஹெலினாவோடு இருந்தான். பரிசோதகர் கையெழுத்துப் போட்ட பாகத்தைச் செய்தவர் மறுபடி தொடக்கூடாது என்பது அவன் வேலையில் பழகிய வழக்கம்.

"நீ பாத்துட்டா முடிஞ்சுது மச்சான். நான் இன்னொரு தபா தொறக்க மாட்டேன்," என்பான். "ஆனா சீக்கிரம் பாரு. நீ முடிக்கறதுக்குள்ள ரெண்டு கருந்துளையும் பேரப்புள்ள எடுத்துடும்."

கணக்கு இதுதான். சமமான இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி வந்து இணைகின்றன. தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் ஈர்ப்பலைகள் ஒரு பக்கம் அதிகமாகக் கிளம்பும். இணைந்த கருந்துளை மறுபக்கம் உதைபட்டு, சில சமயம் தன் விண்மீன் மண்டலத்தையே விட்டுப் போய்விடும். சுழற்சிகள் ஒன்றுபோல இருந்தால் உதை இல்லை.

இதைத் திரையில் ஓட்டிக் காட்டினால் புனேயில் ஆராய்ச்சி இடம். அவன் வயதுக்கு அது கடைசி வாய்ப்பு.

அவன் போய்விட்டால் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று யோசித்தேன். நாட்குறிப்பில் இரண்டு பக்கம் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். பிறகு அவன் கணினிக் கோப்பில் ஒரு சுழற்சிக்கு முன்னிருந்த கழித்தல் குறியை எடுத்துவிட்டு, சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டேன்.

நேர்முகத்தில் கருந்துளை பறந்துவிடும் என்று பத்து நிமிடம் விளக்கிவிட்டு, கணினியை ஓட்டினான். உதை பூஜ்ஜியம் என்று வந்தது. மூன்று முறை ஓட்டினானாம். ஒருவர் சிரித்தாராம். அந்தக் கோப்பைத் திறந்திருந்தால், குறி போனதைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை.

"நீ பாத்தது தப்பாவாது மச்சான். என் மண்டைலதான் இன்னாவோ கோளாறு கீது," என்றான். நான் மறுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வேப்பம்பட்டு ரயில் நிலையம் தாண்டித் தண்டவாளத்தில் கிடந்தான்.

இப்போதும் ஆறு மணிக்குப் பக்கத்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் ஹெலினா அக்கா அவன் நோட்டோடு வந்தார். "தம்பி, எந்த எடத்துல தப்பு பண்ணான்னு மட்டும் காட்டு. தெனம் இதத்தான் பொரட்டிகினு கீறேன்."

நோட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பதினேழாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, இதுதான் என்றேன். அவர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, நோட்டை மூடி, அன்றுதான் வாய்விட்டு அழுதார். அந்தக் குடும்பத்துக்கு இந்த நேரத்தில் உதவியாக இருப்பவன் நான் ஒருவன்தான்.