தேயாத டயர்

மாற்றுத்திறனாளிகள் முகாம் முடிந்து செம்மேடு பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார், சக்கர நாற்காலிக்காரர். என் பக்கத்தில் மரவள்ளி மூட்டையோடு நின்றவரிடம் சொன்னார்: "டயர் தேயவே இல்லையாமாங்க. அதனால நான் நடக்கறேனாமா. உதவித்தொகையை நிறுத்தப் போறாங்களாமா."

"கால் எப்படிப் போச்சுங்க?"

"மிளகு பறிக்கையில மரத்துலருந்து உழுந்துட்டனுங்க."

"வண்டிய ஓட்டவே இல்லீங்களா?"

"எங்கூட்டுக்கு ஒத்தையடிப் பாதைதானுங்க. இன்னைக்கும் அண்ணன் என்னையத் தூக்கிட்டு வந்தாரு, சம்சாரம் வண்டியத் தூக்கிட்டு வந்துச்சு."

"ரோடு கேக்கறதுதானுங்களே?"

"கேட்டதுக்குத்தானுங்க இந்த வண்டியக் குடுத்தாங்க."

முகாம் நடத்தியவர்களின் ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. அதன் டயர் நன்றாகவே தேய்ந்திருந்தது.

"இப்ப என்னங்க பண்றது?"

"அடுத்த மாசம் மறுபடி பாப்பாங்களாமா. அதுக்குள்ள அம்மிக்கல்லுல வெச்சுத் தேச்சுக் கொண்டாரோணும்."