சிவப்பு மையைத் திருத்திய எங்கள் தலைமை மருந்தாளுநருக்கு

மருந்தகத்தின் மாண்பே! சீட்டைப் படிக்குமுன் சீட்டுக்குரியவரின் முகத்தைப் படிக்கும் சிந்தைத் தெளிவே! முப்பத்தோராண்டுகள் முகஞ்சுளிக்காமல், அவ்வப்போது மட்டும் முணுமுணுத்து, உழைத்துயர்ந்து, இன்று பணிநிறைவு பெறும் எங்கள் அன்புத் தலைவியே! வணக்கம்.

இம்மருத்துவமனையில் தங்களுக்கு 'ஏன் மேடம்' என்றொரு பெயர் உண்டு. அறிந்தும் அறியாதவர்போல் இருந்த பெருந்தன்மைக்கு முதல் நன்றி. தும்மலோடு வந்த தலைமை அறுவை மருத்துவரே, "அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் குடுங்க மேடம்" என்றபோது, "ஏன் சார்? இது வைரஸ் சளி. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவத்தான் அடிக்கும். கொசுவுக்கு எலிப்பொறி வைப்பீங்களா?" என்று வெறுங்கையோடு அனுப்பினீர்கள். அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்து, எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கிறார்!

ஆயினும் தங்கள் பெருமையைச் சொல்ல எங்களுக்குப் பதினோராம் கட்டில் ஒன்றே போதும்.

அக்கட்டிலில் கிடந்தவர் தையல் வேலை செய்யும் ஓர் இளந்தாய். தலைப்பிரசவம் முடிந்த மூன்றாம் நாள், கருப்பையில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்தது. பெற்ற பிள்ளையைக் கையில் வாங்கவும் தெம்பில்லை. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்ததில், கொடுத்துவந்த மருந்தை அது எதிர்த்து நிற்கிறது, பென்சிலினுக்கோ அடங்கும் என்று தெரிந்தது. ஆனால் அவர் கோப்பின் மேல் சிவப்பு மையில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்றிருந்தது. உண்மையான ஒவ்வாமையானால் அம்மருந்தே உயிருக்கு உலை வைத்துவிடும். மருத்துவர்கள் தயங்கினர், தயங்கியது முறையே.

"முன்ன பென்சிலின் குடுத்தப்ப என்னதான் ஆச்சாம்?" என்று கேட்டீர்கள். எவருக்கும் தெரியவில்லை. மூன்று மாடி ஏறிச் சென்று, அப்பெண்ணின் தாயருகே அமர்ந்தீர்கள்.

"சின்னதுல பென்சிலின் மாத்திரை குடுத்தாங்கம்மா. வயித்தக் கலக்கிடுச்சு. அதுலேருந்து போற எடமெல்லாம் ஆகாதுன்னு சொல்லிடுவேன்."

"உடம்புல தடிப்பு வந்துச்சா? முகம் வீங்குச்சா? மூச்சு முட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. வயிறு மட்டுந்தான்."

"அது பக்கவிளைவும்மா. ஒவ்வாமை வேற."

அத்தாயின் முகம் வெளிறிப்போனது. "அப்ப நான் சொன்னதாலதான் எம்பொண்ணு இப்படிக் கெடக்குறாளா?"

"பத்திரமா இருக்கணும்னுதான சொன்னீங்க? இனிமே சரியாச் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்று அவர் கையைப் பற்றிக்கொண்டீர்கள்.

பிரசவ மருத்துவர் தாமும் விசாரித்து ஒப்புக்கொண்டார். அவசர ஊசியை அருகில் வைத்துக்கொண்டு, சிறு அளவு மருந்தை முதலில் செலுத்தினார்கள். ஒரு மணி நேரம் கட்டிலைவிட்டு நகராமல் நின்றீர்கள். தோலில் ஒரு தடிப்பில்லை. முழு மருந்து ஏறியது. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் பிள்ளை தாய்மடி ஏறியது! மருத்துவர் கையொப்பமிட, அந்தச் சிவப்பு வரியை அடித்துத் திருத்தினீர்கள்.

அதன்பின் நடந்ததை இதுவரை எவரிடமும் நாங்கள் சொன்னதில்லை. கீழே வந்து, "ஸ்டாக் பாக்கணும்" என்று இருப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினீர்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, மேடம். உப்புநீர் புட்டிப் பெட்டிகளுக்கிடையே அமர்ந்து தாங்கள் விம்மி விம்மி அழுததை நாங்கள் நால்வரும் பார்த்தோம். முகங்கழுவி வெளியே வந்து, "வேலை இல்லையா ஒருத்தருக்கும்?" என்று அதட்டினீர்கள். "இதோ போறோம் மேடம்" என்று கலைந்தோம். ஆனால் அன்று முதல், தாங்கள் எவ்வளவு திட்டினாலும் எங்களுக்கு வலித்ததே இல்லை!

அன்பின் உருவே! கடிகாரம் பார்க்காத காலைகளும், கணவரோடு கதைபேசும் மாலைகளும், கவலை அண்டாத நெஞ்சமும் கூடிவர, நோய்நொடியின்றி நூறாண்டு கடந்து வாழ்க! வாழ்க! எங்களைத் திட்ட வேண்டுமென்று தோன்றினால், தொலைபேசியிலாவது திட்டுக!

என்றும் தங்கள் அன்பிற்குரிய,
மருந்தகப் பணியாளர் நால்வர்